அத்தியாயம் 7: குறைந்த காசில் கிராபிக்ஸ் கார்டு

புதுச்சேரியின் பண்டசோழநல்லூரில் இருக்கும் என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினான். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் ரகம். ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜி.பி. ராம், மெலிந்த கேபினட். பாடத்துக்கும் புரோகிராமிங்குக்கும் அருமையாக ஓடியது; வேலரண்ட் ஆட்டம் போட்டால் மட்டும் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஒருநாள் போன் செய்தான்.

"மாமா, புதுச்சேரியில ஒருத்தர்கிட்ட ஆர்.எக்ஸ். 580 கார்டு இருக்காம். விலை ரொம்பக் கம்மி. வாங்கிடட்டுமா?"

"அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாத. ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் பாய் விரித்து, பெட்டியைப் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். அவன் தங்கையின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த ஸ்கேலால் உள்ளே அளந்தோம். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தோம். மொத்தம் அரைமணி நேரம். ஆர்.எக்ஸ். 580 அந்தப் பெட்டிக்குள் நுழையவே நுழையாது, நுழைந்தாலும் ஓடாது என்பது காபி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது. முதலில் பெட்டி, பிறகு மின்சாரம், பிறகு திரை, கடைசியாகக் கார்டு. கடையிலும் வீடியோக்களிலும் பேச்சு கார்டிலிருந்தே தொடங்கும். விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள். கையில் பணம் குறைவாக இருக்கிறவர் முதலில் தன் விரலை அளந்துகொள்ள வேண்டும்.

பெட்டியை அளந்து பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மூடியைத் திறந்ததும் கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டில் நீளமான ஸ்லாட் ஒன்று தெரியும். கார்டு உட்காரும் இடம் அதுதான்.

மூன்று அளவுகள் தேவை. கேபினட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூடு வரை எத்தனை சென்டிமீட்டர்? இரண்டு விசிறி வைத்த கார்டுகள் பொதுவாக 20 முதல் 24 செ.மீ. நீளம் இருக்கும். அடுத்தது உயரம். பின்பக்கத் தகட்டுத் திறப்பு ஏறத்தாழ 12 செ.மீ. இருந்தால் சாதாரணக் கார்டு நுழையும், 8 செ.மீ. என்றால் 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டைக் கார்டு மட்டுமே நுழையும். மூன்றாவது தடிமன். பெரும்பாலான கார்டுகள் இரண்டு ஸ்லாட் அகலத்தை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா மகன் பெட்டியின் திறப்பு 8 செ.மீ. ஆர்.எக்ஸ். 580 அங்கேயே அடிபட்டுப் போனது. நம் ஊர்ப்பக்கம் மாணவர்கள் வாங்கும் மெலிந்த ஆபீஸ் பெட்டிகள் பலவற்றுக்கும் இதே கதைதான். கடையில் அசெம்பிள் செய்த பெரிய கேபினட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படியுங்கள்

பெட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 450, 500 என்ற எண்ணை நம்பிவிடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் '+12 வோல்ட்' என்ற வரிக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் 12-ஆல் பெருக்குங்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் முக்கியமாகச் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். 14 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 168 வாட். அப்படிப்பட்ட எஸ்.எம்.பி.எஸ். மேல் 450 என்று அச்சிட்டிருந்தாலும் கார்டு விஷயத்தில் அது 168 வாட் எஸ்.எம்.பி.எஸ்.தான்.

மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். சில மெலிந்த ஆபீஸ் பெட்டிகளில் தயாரிப்பாளரே அதையும் குறைத்து வைத்திருப்பதுண்டு. மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டில் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். ஆறு முள் ஒயர் 75 வாட் தரும், எட்டு முள் ஒயர் 150 வாட் தரும். ஆபீஸ் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 240 வாட்தான். இந்த ஒயர்கள் அதில் இருக்காது. ஹார்டு டிஸ்க் ஒயரை எட்டு முள்ளாக மாற்றும் மலிவான அடாப்டரைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மெல்லிய ஒயர் ஏறத்தாழ 54 வாட்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் வழியாக 150 வாட் இழுத்தால் உருகும், தீயும் பிடிக்கும்.

கார்டுகளின் மின் பசியை இப்படி நினைவில் வையுங்கள். ஆர்.எக்ஸ். 6400 எடுப்பது 53 வாட். ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. வகை 70 வாட். ஜி.டி.எக்ஸ். 1650 எடுப்பது 75. இந்த மூன்றிலும் தனி ஒயர் கேட்காத, குட்டை உருவ மாடல்கள் உண்டு. ஆனால் 1650-இல் ஆறு முள் ஒயர் கேட்கும் மாடல்களும் இருக்கின்றன. ஒயர் சொருகும் இடம் இருக்கிறதா என்று கார்டின் படத்தைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த படியில் ஆர்.டி.எக்ஸ். 4060 எடுப்பது 115, ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் 125, ஆர்.டி.எக்ஸ். 5050 எடுப்பது 130, ஆர்.எக்ஸ். 6600 எடுப்பது 132. ஆர்.எக்ஸ். 580-க்கு 185, இன்டெல் ஆர்க் பி580-க்கு 190.

தனி ஒயர் கேட்கும் கார்டு என்றால், கார்டின் வாட், பிராசசரின் வாட், மற்றவற்றுக்கு ஒரு 60, இவற்றைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உண்மையான திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. ஆர்.எக்ஸ். 6600 போட நினைப்பவருக்கு '80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் பெற்ற கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். அதன் விலையையும் கார்டு விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நம் வீட்டு மின்சாரம்

நகரத்து நண்பர்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கழனியில் மோட்டார் போடும் நேரத்தில் வீட்டு பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து திரும்ப உயிர்பெற்றால், புதுக் கார்டு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் உள்ளே வரும் மின்சாரத்துக்கான வரியைப் பாருங்கள். '200–240' என்று இருந்தால் வோல்டேஜ் இறங்கும்போது அது கைவிட்டுவிடும். '100–240' என்று இருந்தால் தாக்குப்பிடிக்கும். கிராமத்தில் வாங்குகிறவர் இந்த ஒரு வரிக்காகவே சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடுத்து யு.பி.எஸ். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது ஏறத்தாழ 360 வாட். 75 வாட் கார்டு போட்ட பெட்டிக்கு அது போதும். 130 வாட் கார்டு என்றால் 1000 வி.ஏ. பக்கம் போங்கள். மின்சாரம் போனதும் ஆட்டத்தை மூடிவிட்டுப் பத்திரமாக அணைப்பதற்குத்தான் யு.பி.எஸ்.; ஆடித் தீர்ப்பதற்கு இல்லை.

கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு கூச்சம் வருகிறதா? எர்த் சரியாக இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் கார்டு மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இடி மின்னல் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழை நமக்கு நினைவிருக்கிறது. அதனால் பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள்.

திரையைப் பாருங்கள்

உங்கள் மானிட்டரில் பின்னால் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருக்கிறதா? இன்றைய ஆட்டக் கார்டுகளில் அது கிடையாது. எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். அது உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டராக இருக்க வேண்டும். வெறும் ஒயர் வேலை செய்யாது.

திரை 1366 x 768 அளவா, 1920 x 1080 அளவா என்று பாருங்கள். பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது காட்டுவது விநாடிக்கு 60 படம். கார்டு 140 படம் வரைந்து கொடுத்தாலும் கண்ணுக்கு வந்து சேர்வது 60தான். அந்தத் திரைக்கு 30,000 ரூபாய்க் கார்டு வீண்.

கார்டு மாட்டிய பிறகு மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகுங்கள். பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே சொருகிவிட்டு, 'கார்டு வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரில் ஏமாறாதீர்கள்

ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஜி.டி. 1030-இல் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் கொண்டது ஒன்று, டி.டி.ஆர்.4 கொண்டது இன்னொன்று. இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஜி.டி.எக்ஸ். 1060-இல் 3 ஜி.பி. வகைக்கு நினைவகம் மட்டுமல்ல, உள்ளே கோர்களும் குறைவு. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயருக்குப் பின்னால் '2048 எஸ்.பி.' என்றிருந்தால் அது அசல் 580 இல்லை. அசலில் இருப்பது 2304. ஆர்.டி.எக்ஸ். 3050-உம் அப்படியே. 2022-இல் வந்த 8 ஜி.பி. கார்டு வேறு, 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டு வேறு. பின்னதில் கோரும் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் 70 வாட்டில் ஓடும்.

அட்டைப்பெட்டிமேல் உள்ள ஜி.பி. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. ஜி.டி. 730-இல் 4 ஜி.பி. போட்டு விற்பார்கள். அது நினைவகம் நிறைந்த, வேகமே இல்லாத கார்டு. ஜி.டி. 710, 730 இரண்டையும் ஆட்டத்துக்கு என்று வாங்காதீர்கள்.

இன்னொரு பக்கம், வேகம் இருந்தும் நினைவகம் பற்றாத கார்டுகள். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5 போன்றவற்றுக்கு 4 ஜி.பி. போதும். புதிதாக வரும் பெரிய ஆட்டங்களுக்கு 8 ஜி.பி.தான் தொடக்கம்.

கார்டின் வயதையும் கவனியுங்கள். ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக்கு ஆட்டங்களுக்கான வழக்கமான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டத்துக்கு, ஒளி நிழலைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், ஜி.டி.எக்ஸ். 1650-உம் ஆர்.எக்ஸ். 580-உம் அதற்கு ஆகாது. அந்த மாதிரி ஆட்டங்கள்மீது கண் இருந்தால் பழைய கார்டில் பணம் போடாதீர்கள்.

காசுக்கேற்ற கார்டு

செலவே இல்லாத வழியை முதலில் பாருங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களில் உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் சேர்ப்பவர் அதில் தொடங்கி, பணம் சேர்ந்ததும் கார்டு போடலாம். அப்போது ராமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, இரண்டு குச்சி போட்டால் அதன் வேகம் நன்றாகவே கூடும்.

10,000 ரூபாய்க்குள்: புதுக் கார்டு வாங்க வேண்டாம். அந்த விலையில் புதிதாகக் கிடைப்பவை ஆட்டத்துக்கு ஆகாதவை. செகண்ட் ஹேண்டில் ஜி.டி.எக்ஸ். 1650, எஸ்.எம்.பி.எஸ். இடம் கொடுத்தால் 1660 சூப்பர். பழைய ஆபீஸ் பெட்டிக்காரர்கள் ஆர்.எக்ஸ். 6400-ஐவிட 1650-ஐ எடுப்பது நல்லது. 6400 மதர்போர்டோடு நான்கே பாதையில் பேசும் கார்டு. புது மதர்போர்டில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. பழைய மதர்போர்டில் பாதையின் வேகம் பாதியாகிவிடும், ஆட்டத்தில் இடறும். 6500 எக்ஸ்.டி.க்கும் இதே குறை. இவ்விரண்டிலும் வீடியோ பதிவுக்கான வன்பொருளும் கிடையாது. ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைப்பவர் தொடவேண்டாம்.

20,000 ரூபாய்க்குள்: ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. வகை. தனி ஒயர் கேட்காது, குட்டை மாடலும் உண்டு, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். வசதியும் இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங், பிளெண்டர் மென்பொருளில் 3டி வேலை செய்கிறவர்களுக்கும் உதவும். மெலிந்த பெட்டியில் புதுக் கார்டு என்றால் இதுதான் என் தேர்வு.

20,000-ஐ ஒட்டி, பெரிய பெட்டியும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருந்தால்: ஆர்.எக்ஸ். 6600. 2021-இல் வந்த கார்டு. 8 ஜி.பி., 132 வாட். 1080 திரையில் 3050-ஐத் தெளிவாக முந்தும். கடையில் இருப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

30,000 ரூபாய் பக்கம்: ஆர்.டி.எக்ஸ். 5050, 5060, 12 ஜி.பி. கொண்ட ஆர்க் பி580. ஆர்க் கார்டுக்கு மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இருந்தே ஆகவேண்டும்; பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பெட்டியில் அதைப் போட்டால் பாதிப் பணம் தண்ணீரில் போட்டது போல.

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் ராம் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. கார்டிலும் அது தெரியும். இங்கே சொன்ன தொகைகளைப் படிக்கட்டுகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியபோது, கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் நின்றது. ராப்பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உழைத்த கார்டு என்பதாலேயே மோசம் இல்லை. பார்த்து வாங்க வேண்டும்.

விற்பவர் வீட்டிலேயே அவர் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருளைத் திறவுங்கள். பழைய சில்லில் புதுப் பெயர் ஏற்றிய போலிக் கார்டுகள் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிக்கொடுக்கும். பிறகு கார்டைச் சோதிக்கும் 'ஃபர்மார்க்' மென்பொருளைப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடு 85 டிகிரியைத் தாண்டக்கூடாது. திரையில் புள்ளிகளோ கோடுகளோ நிறக் கட்டங்களோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விசிறி கரகரக்கிறதா என்று காது கொடுங்கள். எல்லா வீடியோ இணைப்புகளிலும் ஒயரைச் சொருகிப் பாருங்கள். நம் பக்கம் கடலோரம். இணைப்புகளில் பச்சையோ துருவோ படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்கு முன்பு, புதுச்சேரியில் வரி குறைவு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே வந்து வாங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது கார்டுக்கு இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால், அவர் குறைப்பது உங்கள் வாரண்டியையும் சேர்த்துத்தான்.

புதுச்சேரி நகரத்துக் கடையில் இரண்டு மூன்று இடம் விசாரியுங்கள், இணையத்தில் விலை பாருங்கள். சென்னை போகும் வேலை இருந்தால் அண்ணா சாலை ஓரத்து ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள். சில நூறு ரூபாய் வித்தியாசம்தான் என்றால் பக்கத்துக் கடையையே தேர்ந்தெடுங்கள். பழுது வந்தால் பஸ் ஏறிப் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கும். பில்லில் உங்கள் பெயர், மாடலின் முழுப்பெயர், சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். புதுக் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி உண்டு. கார்டு வந்த அட்டைப்பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வையுங்கள்.

மாட்டிய பிறகு

சித்திரை வெயிலில் ஷீட் போட்ட அறையில் எந்தக் கார்டும் கொதிக்கும். டிரைவர் அமைப்பில் விநாடிக்கு 60 படம் என்று வரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆட்டத்தின் தரம் குறையாது. சூடும் மின் கட்டணமும் விசிறிச் சத்தமும் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். தட்டும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் கடைசியில் வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஜி.டி.எக்ஸ். 1650, குட்டை மாடல். அவன் பெட்டியின் எஸ்.எம்.பி.எஸ். 240 வாட், ஒயர் கேட்காத கார்டு, ஆடுவது வேலரண்டும் ஜி.டி.ஏ.வும். மிச்சமான பணத்தில் இன்னொரு 8 ஜி.பி. ராம் போட்டான். அந்த இரண்டும் சேர்ந்து அவன் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டன. பெரிய பெட்டி வாங்கும் நாளில் பெரிய கார்டு வாங்கிக்கொள்வான்.

அப்பா அம்மா கூலியிலும் விளைச்சலிலும் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் கார்டு வாங்குகிறார்கள். தவறான கார்டு ஒன்று அந்தச் சேமிப்பை மொத்தமாக விழுங்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயத்தில் மற்றவை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஒரு ஸ்கேலும் டார்ச்சும் எடுத்து உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை, யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.